கார் தண்ணீரில் விழுந்தால்: பெல்ட், கண்ணாடி, பிள்ளைகள், வெளியே

பாம்பன் பாலத்தில் ஏறும்போதுதான் பலருக்கும் இந்தப் பயம் வருகிறது. ஆனால் அந்தப் பாலத்துக்கு இருபுறமும் கைப்பிடிச் சுவர் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கலுங்கு வரை நிறைந்து கிடக்கும் கண்மாய்க்கும், அதன் கரைமேல் ஓடும் ஒற்றைத் தார்ச்சாலைக்கும் நடுவே பல இடங்களில் ஒரு கல்கூடக் கிடையாது. எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கும்போது ஒரு சக்கரம் நெகிழ்ந்த கரைமண்ணில் இறங்கினால் போதும். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆர்.எஸ்.மங்கலம், தேவிபட்டினம், சாயல்குடி பக்கம் தினமும் ஓட்டுகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டு, நிறுத்திய காரில் உட்கார்ந்து கையால் செய்தும் பார்க்க வேண்டும்.

வரிசை நான்கே சொல்தான்: பெல்ட், கண்ணாடி, பிள்ளைகள், வெளியே. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், ஆட்கள் உள்ளே இருக்கும்போதே கார்களை நீரில் இறக்கிச் சோதித்து இதைப் பரப்பினார். இதில் போன் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவசர எண் 112-ஐ அழைத்து ஊர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தப்பிக்கும் நேரம் முடிந்துவிடும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

தண்ணீரில் விழுந்த கார் உடனே மூழ்காது. 30 நொடியிலிருந்து 2 நிமிடம் வரை மிதக்கும். எஞ்சின் முன்னால் இருப்பதால் மூக்கு முதலில் தாழும். வெளித் தண்ணீர் பக்கக் கண்ணாடியின் அடி விளிம்பைத் தொடும் வரைதான் கண்ணாடி எளிதாக இறங்கும். அதனால் உங்கள் கணக்கில் 1 நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் வகை அச்சடித்திருக்கும். 'டஃபன்ட்' அல்லது 'டெம்பர்டு' என்றிருந்தால் உடைக்கலாம். கற்கண்டு போலத் தூளாகும். 'லேமினேட்டட்' என்றிருந்தால் கண்ணாடி உடைக்கும் சுத்தியலோ ஸ்பிரிங் கருவியோ எதுவும் பயன்படாது. விரிசல் விடுமே தவிர வழி விடாது. முன்பக்கப் பெரிய கண்ணாடி எப்போதுமே லேமினேட்டட்தான், அதை உதைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். விலை கூடிய சில கார்களில் முன் கதவுக் கண்ணாடியும் லேமினேட்டட். நான்கு கதவுகளையும் பின்கண்ணாடியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கருவியில் என் தேர்வு ஸ்பிரிங் வகைதான். சிறிய சுத்தியல் மேசைமேல் வைத்துப் பார்க்க நன்றாக இருக்கும். இடுப்பளவு தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் கையை வீசவே முடியாது, தண்ணீர் வேகத்தைத் தின்றுவிடும். ஸ்பிரிங் கருவிக்கு வீச்சு வேண்டாம். முனையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் அதுவே அடிக்கும். பெல்ட் அறுக்கும் கொக்கிக் கத்தியும் சேர்ந்தே இருப்பதாக வாங்குங்கள். அதை டேஷ்போர்டு பெட்டிக்குள் போடக் கூடாது. கார் தலைகீழானால் அந்தப் பெட்டி திறந்து எல்லாம் சிதறும். பெல்ட் போட்டபடியே கை எட்டும் இடத்தில், உறையோடு இறுக்கிக் கட்டுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மரக்கட்டையில் அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று விடவில்லை என்றால் மாற்றுங்கள்.

பெல்ட்டையும் அப்படியே பாருங்கள். கடற்கரை மணல் பக்கிளுக்குள் போனால் 'கிளிக்' சத்தம் மந்தமாகும், சிவப்புப் பொத்தான் பாதியில் நிற்கும். காற்றடித்து மணலை வெளியேற்றுங்கள். எண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள், அது இன்னும் மணலைப் பிடித்து வைக்கும். பெல்ட் நாடாவை முழுவதும் வெளியே இழுத்து, இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். கண்ணாடி இறங்கும் ரப்பர் பள்ளத்தில் மணல் சேர்ந்தால் மோட்டார் முனகும். நிலத்திலேயே முனகுகிற கண்ணாடியை நீரில் நம்ப முடியாது.

பெல்ட் போடாவிட்டால் சுலபமாக வெளியேறலாமே?

இந்த நினைப்புதான் ஆளைக் கொல்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் கரையிலிருந்து சரியும் கார் தண்ணீரைத் தொடும்போது, அதுவும் பலமான மோதல்தான். பெல்ட் இல்லாதவர் ஸ்டியரிங்கிலோ கண்ணாடியிலோ தலை மோதி மயங்குவார். மயங்கியவருக்கு இந்த 1 நிமிடத்தால் பயனில்லை. உங்களை விழிப்போடு தண்ணீருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெல்ட்தான். பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் இருப்பவர் முன்னால் இருப்பவரின் முதுகில் வந்து மோதுவார். அப்புறம் இரண்டு பேருக்குமே நினைவிருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி பெல்ட் போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து போடுகிறவர் செக்போஸ்ட் தாண்டியதும் கழற்றிவிடுகிறார். கண்மாய்க் கரை செக்போஸ்ட்டுக்கு அப்பால்தான் இருக்கிறது.

அலாரத்தை ஏமாற்றப் பக்கிளில் செருகும் பொய்க் கொக்கியை இன்றே எடுத்து எறியுங்கள். ஆன்லைன் கடைகளிலிருந்து அதை நீக்கும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவிட்டது.

படி 1: மோதும் வரை

முதுகையும் தலையையும் இருக்கையோடு ஒட்டி வையுங்கள். கைகள் ஸ்டியரிங்கின் இரு பக்கத்திலும் இருக்கட்டும், நடுவே வேண்டாம். காற்றுப்பை விரிந்தால் கை முகத்தில் அடிக்கும். கார் நின்று மிதக்கும் வரை பெல்ட்டைத் தொடாதீர்கள்.

படி 2: பெல்ட்

நிமிர்ந்து மிதக்கிறதா? உடனே கழற்றுங்கள். முதலில் உங்களுடையது. பொத்தானை அழுத்தும்போது நாடாவை இழுக்காதீர்கள். பதற்றத்தில் இழுப்பார்கள், அது பூட்டிக்கொள்ளும்.

படி 3: கண்ணாடி

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கை தானாகக் கதவுப் பிடிக்குப் போகும். அதைத் தடுங்கள்.

கணக்குப் பாருங்கள். 1 மீட்டர் அகலக் கதவில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெளியே தண்ணீர் நின்றால், கதவின் மேல் சுமார் 180 கிலோ பாரம் அழுத்துகிறது. கீலுக்கு எதிர் ஓரத்தில் தள்ளினாலும் 90 கிலோ. உட்கார்ந்தபடி அதை யாராலும் தள்ள முடியாது. விழுந்த கணத்தில் ஒருவேளை திறந்துவிட்டாலும், அந்த வழியாகத் தண்ணீர் கொட்டி, சில நொடிகளில் கார் மூழ்கும். பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு நேரமே இருக்காது.

மின் கண்ணாடி தண்ணீர் பட்டதும் நின்றுவிடும் என்று நினைத்து முயலாமலே விடுகிறார்கள். பெரும்பாலும் சற்று நேரம் வேலை செய்யும். உப்புத் தண்ணீரில் அந்த நேரம் குறைவு, அதனால் முதலில் அதைத்தான் அழுத்த வேண்டும். எல்லாக் கண்ணாடியையும் ஓட்டுநர் பக்கத்திலிருந்தே இறக்குங்கள். பின் கதவுக் கண்ணாடிகளைப் பூட்டும் பொத்தான் போட்டிருந்தால் பின்னால் இருப்பவர்களின் பொத்தான் வேலை செய்யாது. மழைக்காலத்தில் கண்மாய்ச் சாலையில் அந்தப் பூட்டைப் போடாதீர்கள்.

இறங்கவில்லையா, 2 நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டாம். கருவியைக் கண்ணாடியின் கீழ் மூலையில், விளிம்பை ஒட்டி வைத்து அழுத்துங்கள். நடுவில் அடித்தால் கண்ணாடி வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் கண்ணாடிக்கு மேல் போயிருந்தால் தூளும் தண்ணீரும் ஒன்றாக உள்ளே பாயும்.

'தண்ணீர் உள்ளே நிறையட்டும், அழுத்தம் சமமானதும் கதவைத் திறக்கலாம்' என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அழுத்தம் சமமானால் கதவு திறக்கும் என்பது உண்மை. அதற்குள் கார் அடியில் இருக்கும், உங்கள் தலைக்கு மேல் காற்று இருக்காது. வேறு எதுவுமே இல்லாதபோது மட்டும் அது.

படி 4: பிள்ளைகள்

பெரிய பிள்ளையை முதலில் விடுவியுங்கள். அவன் தானே ஏறிக் கூரையைப் பிடித்துக்கொள்வான். சின்னதை உங்கள் கையோடு வைத்துக்கொள்ளலாம். குழந்தை இருக்கையின் பொத்தான் குழந்தை கைக்குத் திறக்கக் கூடாது என்பதற்காகவே விறைப்பாகச் செய்யப்பட்டது. அதைப் பாட்டி, தாத்தா உட்பட வீட்டில் எல்லோரும் திறந்து பழக வேண்டும். மடியில் குழந்தையை வைத்து இருவருக்கும் ஒரே பெல்ட் போடுவது கூடாது. மோதும்போது உங்கள் எடை முழுவதும் குழந்தையை நசுக்கும்.

படி 5: வெளியே

கண்ணாடி விளிம்பில் முதுகு வெளியே இருக்கும்படி உட்கார்ந்து, கூரையைப் பிடித்து உடலை இழுங்கள். கண்மாயில் அடியில் கால் ஊன்றாதீர்கள். சேறு இழுக்கும், நீருக்குள் மூழ்கிய சீமைக்கருவேல முள் கிழிக்கும். மல்லாந்து கரைக்கு நகருங்கள். கரைக்கு வந்த பிறகு 112. கடலாக இருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093.

தலைகீழாக விழுந்தால்

நம் பக்கத்துக் கண்மாய்களும் வாய்க்கால்களும் பல இடங்களில் ஆழம் குறைவு. அதனால் ஆபத்து குறைவு என்று நினைக்காதீர்கள். கரைச் சரிவில் உருண்ட கார் கவிழ்ந்து நிற்கலாம். கவிழ்ந்த காரில் உங்கள் தலை அடியில் இருக்கிறது. 1 மீட்டர் தண்ணீரே மூக்கை மூடிவிடும். காற்று இருப்பது கால் பக்கத்தில்.

இங்கே வரிசை சற்று மாறும். பெல்ட்டை உடனே கழற்றினால் கழுத்தில் விழுவீர்கள், இருட்டில் திசையும் தொலையும். கடல் மேல் பறக்கும் ஹெலிகாப்டர் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் செய்யுங்கள்: பெல்ட் உங்களை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருக்கும்போதே கண்ணாடியைத் திறந்து, அதன் விளிம்பை ஒரு கையால் பிடியுங்கள். பிடித்த கையை விடாதீர்கள். கால்களை அழுத்தி ஊன்றுங்கள். மறுகையால் வயிற்றுக்கு மேல் போகும் நாடாவைத் தொட்டு, அதன் வழியே இடுப்புக்குப் போனால் பக்கிள் கிடைக்கும். ஓட்டுநருக்கு அது எப்போதும் இடது இடுப்பில்தான். கார் எப்படிக் கிடந்தாலும் உங்கள் உடலுக்கு இடது மாறாது. தொங்கும் எடையால் பொத்தான் விறைத்தால், காலை ஊன்றி இடுப்பை இருக்கைப் பக்கம் தள்ளிப் பாரத்தைக் குறைத்து அழுத்துங்கள். அப்போதும் வரவில்லை என்றால் தோள் நாடாவைக் கொக்கிக் கத்தியால் சாய்வாக ஒரே இழுப்பில் அறுங்கள். நேராக அறுத்தால் கத்தி வழுக்கும்.

நிறுத்திய காரில் கண்ணை மூடிக்கொண்டு பக்கிளையும் கண்ணாடிப் பொத்தானையும் தொட்டுப் பாருங்கள். பத்து முறை செய்தால் கை தானே போகும்.

பிறகு சேர்த்தவை

தலைசாய்ப்பைக் கழற்றிக் கண்ணாடியை உடைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கழற்றுவதற்கே சில கார்களில் இரண்டு கை வேண்டும். கருவி வாங்குங்கள்.

வெயிலுக்குக் கண்ணாடியில் பிலிம் ஒட்டியிருந்தால், கண்ணாடி உடைந்தாலும் தூள் உதிராமல் தாளோடு தொங்கும். உடைத்தபின் இரண்டு காலாலும் வெளியே உதையுங்கள். பிலிமை எடுத்துவிடுவது அதைவிட நல்லது.

மின்சாரக் காரில் ஷாக் அடிக்குமா என்று தயங்கி உள்ளேயே உட்காராதீர்கள். அதன் உயர் மின்னழுத்தச் சுற்று கார் உடம்போடு சேராமல் தனித்தே அமைந்திருக்கிறது. வரிசை அதேதான்.

பின்னால் பக்கவாட்டு பெஞ்சு வைத்த ஜீப் வகை வண்டிகளில் பல பழைய வண்டிகளுக்கு அந்த இடத்தில் பெல்ட்டே கிடையாது. அங்கே பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். தப்பிக்கும் வழியான முன் கதவுக் கண்ணாடிகளும் அங்கிருந்து தூரம். பின்கதவை உள்ளிருந்து திறக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள்.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் சாலையை விட்டு மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். ஆண் கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை கதவில் மோதத் தொடங்கினால் வண்டியை மீட்கப் பார்க்காமல், கதவு இன்னும் திறக்கும்போதே எல்லோரும் இறங்கிச் சாலைக்கு நடந்துவிடுங்கள்.