உரைபெயர்ப்பாளருடன் நோயாளியைப் பார்க்க மருத்துவ மாணவரைப் பழக்குதல்

நம் இலங்கையில் மருத்துவம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது; நோயாளி தம் நோவைத் தமிழிலோ சிங்களத்திலோ சொல்கிறார். தெற்கிலிருந்து கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ பணியேற்க வரும் இளம் வைத்தியர் பலருக்குத் தமிழ் தெரிவதில்லை. தமிழ் வைத்தியர் பலருக்கு வவுனியா தெற்கிலிருந்து வரும் விவசாயியின் சிங்களம் புரிவதில்லை. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியபோதிலும், வைத்தியசாலை விடுதியில் அந்நேரம் பக்கத்தில் நிற்கும் தாதியோ சிற்றூழியரோதான் பெரும்பாலும் உரைபெயர்க்க நேர்கிறது. ஆகவே அவர்களையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பயிற்சியைக் கட்டிலருகே தொடங்க வேண்டாம். ஓர் அறையில் மூன்று கதிரைகளைப் போட்டு, ஒருவர் வயலில் பாம்பு கடித்து வந்த சிங்கள விவசாயியாகவும், ஒருவர் உரைபெயர்ப்பாளராகவும், ஒருவர் வைத்தியராகவும் நடிக்கட்டும். உரைபெயர்ப்பாளர் நோயாளியின் அருகே சற்றுப் பின்தள்ளி அமர்ந்தால் வைத்தியரின் பார்வை நோயாளியிடமே நிற்கும். "எத்தனை மணிக்குக் கடித்தது என்று அவரிடம் கேளுங்கள்" என்று மாணவர் சொன்னால் இடைமறித்து, "ஐயா, எத்தனை மணிக்குக் கடித்தது?" என்று நோயாளியை நோக்கியே கேட்கச் செய்யுங்கள். கடித்த நேரம், பாம்பின் தோற்றம், பல் முரசில் இரத்தக் கசிவு, இமை தாழ்தல், விஷகடி வைத்தியரிடம் பெற்ற மருந்து ஆகிய அனைத்தையும் மாணவர் ஒரே மூச்சில் கேட்டால் ஏதாவதொன்று விடுபட்டுப் போகும். விடுபட்டது இமை தாழ்தலாக இருந்தால் என்ன நேரும் என்பதை அங்கேயே பேசுங்கள். இலங்கையில் கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தை மட்டுமன்றி நரம்பையும் தாக்குவதுண்டு; இமை தாழ்தல் அதன் அறிகுறி.

உறவினரை உரைபெயர்க்க விடும் பழக்கத்தைக் கைவிடச் செய்வதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாதவிடாய், கருத்தரிப்பு, கணவனின் அடி, உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவற்றைப் பிள்ளையின் வாய்வழியாகவோ மாமியாரின் வாய்வழியாகவோ ஒரு பெண் எப்படிச் சொல்வார்? 2009இல் முடிந்த போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், நித்திரை வருவதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளும்போது, எஞ்சியிருக்கும் மகளைக் கொண்டே மேலும் துருவுவது இருவரையும் வதைப்பதாகும். அவசர வேளையில் வேறு எவரும் இல்லையெனில், உயிரைக் காக்கத் தேவையானதை மட்டும் உறவினர் வழியாகக் கேட்டு, மீதியைத் தகுந்தவர் வரும்வரை ஒத்திவைக்க வேண்டும். இராணுவ, பொலிஸ் சீருடையில் நிற்பவரை உரைபெயர்க்க அழைக்கவே கூடாது. அச்சம் நோயாளியின் வாயைக் கட்டிவிடும்.

தமிழ் தெரிந்த மாணவரும் இப்பயிற்சிக்கு விலக்கல்ல. தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னியில் வந்து குடியேறியவர்களின் பேச்சும் யாழ்ப்பாணத்துப் பேச்சும் ஒன்றல்ல. எறிகணை வெடிப்பில் செவிப்புலன் இழந்தவருக்கு எழுதிக் காட்டவோ சைகைமொழி தெரிந்தவரை அழைக்கவோ நேரலாம்.

முடிவில் "விளங்கியதா?" என்று கேட்பதை விடுத்து, எந்தக் குளிசையை எப்போது, எத்தனை போடுவார் என்று நோயாளியையே சொல்லச் செய்யுங்கள், அதை உரைபெயர்ப்பாளர் சுருக்காமல் திருப்பிச் சொல்லட்டும். நோயாளியின் மொழியையும் உரைபெயர்த்தவர் யார் என்பதையும் குறிப்பேட்டில் எழுத மாணவரைப் பழக்குங்கள். யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ நோயாளியை மாற்றும்போது, உடன் அனுப்பும் கடிதத்திலும் அவ்விபரம் இடம்பெற வேண்டும்.