ஸ்டோமா வளையத்தைப் பொருத்துவதும், கழற்றிய வளையத்தைப் படிப்பதும்

அப்பாவுக்குப் பெருங்குடலை அகற்றி, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கமாக வெளியே எடுத்து இலியாஸ்டமி செய்தார்கள். அப்படி வயிற்றில் அமைத்த வாய்தான் ஸ்டோமா; அதிலிருந்து வரும் மலம், சுற்றியுள்ள தோலில் ஒட்டிய பையில் சேரும். ஒரு பை மூன்று நான்கு நாள் தாங்கும் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்களுக்கோ முதல் இரண்டு மாதங்களில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மாலையில் மாற்றினால் விடியற்காலையில் படுக்கை நனைந்திருக்கும். ஸ்டோமாவுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் தோல் வெந்ததுபோல் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. "தணல வச்ச மாதிரி எரியுதும்மா" என்பார் அப்பா. யாரோ சொல்லி வளையம் வாங்கிய பிறகும் பதினைந்து நாள் அதே நிலைதான், ஏனென்றால் அதை நான் பயன்படுத்திய முறையே தவறாக இருந்தது. அந்தப் பதினைந்து நாளை மற்றவர்கள் பட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பை மாட்டுவது, காலி செய்வது ஆகியவற்றை மருத்துவமனையிலேயே கற்றுக்கொண்டிருப்பீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு வளையத்துக்கே வருகிறேன்.

முதலில், வளையம் என்ன செய்கிறது?

கடையில் பேரியர் ரிங், ஸ்டோமா ரிங், சீல் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் தருவது ஒன்றையே. ஏறத்தாழ 5 செ.மீ. அகலத்தில், நடுவில் துளையுடன், பிசைந்த மாவுபோல் விரலுக்கு வளைந்து கொடுக்கும் பொருள் அது. தடிமன் 2 மி.மீ. முதல் 4.5 மி.மீ. வரை கிடைக்கிறது. பெரும்பாலான வளையங்களில் பெக்டின், ஜெலட்டின், சி.எம்.சி. எனப்படும் செல்லுலோஸ் பொடி போன்ற நீரை உறிஞ்சும் பொருள்களும், அவற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர் போன்ற பசையும் கலந்திருக்கும். ஈரம் பட்டதும் வளையம் அதை உறிஞ்சி உப்பும், பிறகு கூழாகும், கடைசியில் கரையும். இலியாஸ்டமியிலிருந்து வருவது செரிமான நீர் கலந்த திரவம். உணவைச் செரிக்கும் அந்த நீர் தோலையும் விட்டுவைக்காது. அது தோலைத் தொடும் முன் வளையம் குறுக்கே நின்று, தோலுக்குப் பதிலாகத் தான் கரைகிறது. ஆகவே கழற்றும்போது வளையம் கரைந்திருப்பதைப் பார்த்து மட்டமான சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். எந்தப் பக்கம், எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பையைத் தோலில் பிடித்து நிறுத்துவது பேஸ்பிளேட் எனப்படும் ஒட்டுத்தட்டின் வேலை. இடைவெளியை அடைப்பது வளையத்தின் வேலை. வளையத்தைப் பசையாக நினைத்து அடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இந்த வளையத்தின் முன்னோடி நம் நாட்டு மரம் ஒன்றின் பிசின் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டபோது வியப்பாக இருந்தது. இந்தியாவின் வறண்ட காடுகளில் வளரும் மரத்திலிருந்து எடுக்கும் கராயா பிசின், பல்செட் ஒட்டும் பொடியாக மேலைநாடுகளில் பயன்பட்டு வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் அறுவை மருத்துவராக இருந்த ரூபர்ட் டர்ன்புல் 1950களில் அதை ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோலைக் காக்கப் பயன்படுத்தினார். கராயா வளையங்கள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்து, பின்னர் இப்போதுள்ள கலவைகளுக்கு வழிவிட்டன.

படி 1: நேரமும் அளவும்

காலையில் காபிகூடக் குடிப்பதற்கு முன் மாற்றுங்கள். இரவு முழுக்க வயிறு காலியாக இருப்பதால் ஸ்டோமா அப்போதுதான் ஓரளவு அடங்கியிருக்கும். அறுவைக்குப் பின் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். எனவே போன வாரம் வெட்டிய அளவை இந்த வாரமும் வெட்டாதீர்கள்; ஒவ்வொரு முறையும் அளவு அட்டையை வைத்துப் பாருங்கள். தட்டின் துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். நுனி வளைந்த சிறு கத்தரிக்கோல் ஒன்றை இதற்கென்றே தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேர் கத்தரிக்கோலில் வட்டம் பலகோணமாகிவிடும், அந்தக் கோணங்களில்தான் கசிவு தொடங்கும்.

படி 2: தோல்

வெதுவெதுப்பான நீர், மெல்லிய துணி, இவை போதும். டெட்டால் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். "புண்ணாயிருக்கே, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவு" என்று உறவினர் அன்போடு சொன்னாலும் தடவ வேண்டாம், எண்ணெய்ப் பசை உள்ள தோலில் எதுவும் ஒட்டாது. குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான்களிலும் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அவையும் ஆகா. துடைக்கும்போது ஸ்டோமாவில் ஓரிரு துளி இரத்தம் வந்தால் பயப்படத் தேவையில்லை. அதே சமயம், ஸ்டோமாவுக்கு வலி உணர்வு கிடையாது. கீறல் பட்டாலும் நோயாளிக்குத் தெரியாது என்பதால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

தோல் ஏற்கெனவே வெந்து நீர் கசிந்தால், ஸ்டோமா பொடியை அந்த இடத்தில் தூவி, உபரியைத் தட்டிவிட்டு, ஆல்கஹால் கலக்காத பாதுகாப்புப் படலத் திரவத்தை மேலே ஒற்றி, காய்ந்த பிறகு இன்னொரு முறை அப்படியே செய்யுங்கள். அந்த மெல்லிய ஓட்டின் மேல் வளையம் நன்றாக உட்காரும். பொடியை உதறாமல் விட்டால் வளையம் பொடியில் ஒட்டுமே தவிர தோலில் ஒட்டாது.

படி 3: வளையத்தை உருவாக்குதல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்டோமாவில் வளையம் பட்டால் புண்ணாகிவிடுமோ என்ற பயத்தில், முதலில் நான் வளையத்தைப் பெரிதாக இழுத்து, சுற்றிலும் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு வைத்தேன். அந்த இடைவெளியில்தான் திரவம் தேங்கித் தோலை அரித்தது. வளையம் ஸ்டோமாவின் அடியை ஒட்டியே இருக்க வேண்டும். அது மென்மையான பொருள், ஈரம் பட்டால் இன்னும் மென்மையாகும். பட்டால் கெடுதல் இல்லை. கடினமான தட்டின் ஓரம்தான் ஸ்டோமாவில் உரசக் கூடாது. துளை சிறிதாக இருந்தால் இரு கட்டைவிரல்களாலும் உள்ளிருந்து சிறிது சிறிதாக, சுற்றிச் சுற்றி விரியுங்கள். ஒரே இடத்தில் இழுத்தால் அங்கே மெலிந்து, அந்த மெலிந்த இடம் முதலில் கரையும். ஸ்டோமா நீள்வட்டமாக இருந்தால் வளையத்தையும் நீள்வட்டமாக்குங்கள். வெட்டி மீண்டும் இணைப்பதானால் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறியிருக்கும்படி வைத்து, கோடு தெரியாமல் அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

இரண்டாவது தவறு, கசிகிறதே என்று இரண்டு வளையங்களை அடுக்கியது. மேடு உயர்ந்ததும் தட்டின் ஓரம் தோலைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நின்றது. அன்றைக்கு இரண்டு மணி நேரத்தில் கசிந்தது. வயிறு சமமாக இருப்பவர்களுக்கு 2 மி.மீ. வளையமே போதும், தடித்த வளையம் பள்ளம் இருப்பவர்களுக்குத்தான். ஸ்டோமா தோல் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ அமுங்கியிருந்தால் அதற்குக் குவிந்த தட்டு தேவைப்படலாம், எத்தனை வளையம் வைத்தாலும் அந்தக் குறை தீராது. ஸ்டோமா செவிலியரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் ஆயிற்று. நான் எப்போதும் அப்பாவைப் படுக்க வைத்தே மாற்றுவேன். படுத்தால் வயிறு மேசைபோல் சமமாக இருக்கும். ஒரு நாள் அவர் வழக்கம்போல் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, மேலே சட்டையில்லை, பையின் தட்டு தோலைவிட்டுத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஸ்டோமாவுக்குக் கீழே, கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் திசையில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு மடிப்பு. வெந்திருந்த இடமும் அதுவே. படுக்கும்போது இல்லாத பள்ளம் உட்காரும்போது உருவாகி, தட்டுக்கு அடியில் ஓடையாகிவிட்டது.

மறுநாளிலிருந்து, தட்டு வைக்கும் முன் அவரை உட்காரவும் நிற்கவும் குனியவும் சொல்லி, மடிப்பு விழும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு வளையத்தில் கால் பங்கு பிய்த்து, திரி உருட்டுவதுபோல் உருட்டி, அந்த மடிப்பில் மட்டும் அழுத்திப் பள்ளத்தைத் தோல் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அதன் மேல் ஒரே ஒரு மெல்லிய வளையம், அதற்கு மேல் தட்டு. மிச்சத் துண்டை அதன் தாளோடு உறையில் போட்டு மூடிவைத்து அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பேஸ்ட் பற்றிக் கேட்பீர்கள். டியூபில் வரும் பேஸ்ட் பலவற்றில் ஆல்கஹால் இருப்பதால் வெந்த தோலில் சுருக்கென்று எரியும்; கை நடுங்கும் முதியவரால் சீராகப் பிதுக்கவும் முடியாது. என் தேர்வு எப்போதும் வளையம்தான்.

படி 4: சூடும் அழுத்தமும்

வளையத்தை உருவாக்கத் தொடங்கும் முன்பே, உறையோடு உள்ளங்கைகளுக்கிடையே ஓரிரு நிமிடம் வைத்திருங்கள். வளையத்தைத் தோலில் வைத்துவிட்டுத் தட்டை அதன் மேல் ஒட்டலாம், அல்லது தட்டின் பின்புறத்தில் வளையத்தைப் பதித்துவிட்டு மொத்தமாக வைக்கலாம். மடிப்பு உள்ளவர்களுக்கு முதல் முறையே நல்லது, ஏனென்றால் விரல் நுனியால் பள்ளத்தைத் தடவிப் பார்த்து நிரப்ப முடிகிறது. ஒட்டியதும் ஸ்டோமாவைச் சுற்றி உள்ளிருந்து வெளியே அழுத்திவிட்டு, கையை விரித்து மேலே வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் பிடியுங்கள். நாங்கள் அந்த நேரத்தில் வானொலிச் செய்தி கேட்போம்.

படி 5: கழற்றுவதும் படிப்பதும்

தட்டைப் பிய்த்து இழுக்காமல், ஒரு கையால் தோலைக் கீழே அழுத்திக்கொண்டு மேலிருந்து மெல்ல உரியுங்கள். உரித்ததும் குப்பையில் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எனக்கு ஒரு துப்பு கிடைத்ததும் அப்படித்தான். மேல்பாதி வளையம் வைத்தது வைத்தபடி வெளிர் நிறத்தில் இருக்க, ஆறு மணிப் பக்கம் மட்டும் எறும்பு சாரி போனதுபோல் மெல்லிய பழுப்புத் தடம் ஒன்று துளையிலிருந்து தட்டின் ஓரம் வரை ஓடியிருந்தது.

துளையை ஒட்டிய உள்விளிம்பு மட்டும் சில மில்லிமீட்டர் வெளுத்து உப்பிக் கூழாகி, மற்ற பகுதி கெட்டியாக இருந்தால் வளையம் தன் வேலையைச் செய்திருக்கிறது. சுற்றிலும் ஒரே சீராக ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கரைந்திருந்தால் அதிக நாள் வைத்துவிட்டீர்கள், அல்லது போக்கு நீர்த்துவிட்டது. அடுத்த முறை ஒரு நாள் முன்னதாக மாற்றுங்கள். ஒரு திசையில் மட்டும் தடம் என்றால் அங்கே மடிப்போ வடுவோ இடைவெளியோ இருக்கிறது, அதே திசையில் தோலைத் தேடுங்கள். வளையம் சற்றும் மாறாமலே கசிந்திருந்தால், பெரும்பாலும் தோல் ஈரமாக இருந்திருக்கும் அல்லது மேடு உயர்ந்து தட்டு தூக்கியிருக்கும்.

தோலில் மிஞ்சும் பிசுக்கைச் சுரண்டாதீர்கள். சிலிக்கான் வகை நீக்கி இருந்தால் நன்று. இல்லாவிட்டால் உலர்ந்த துணியால் உருட்டி எடுங்கள். கொஞ்சம் மிஞ்சினால் அதன் மேலேயே புதிய வளையத்தை வைக்கலாம்.

பின்சேர்க்கை

வெயில் காலத்தில் வளையம் உறைக்குள்ளேயே இளகிவிடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். மதுரையில் சித்திரை மாதம் வண்டிப் பெட்டிக்குள் வைத்த வளையம் தாளைவிட்டு வராமல் நானும் பட்டிருக்கிறேன். பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள், வெளியூர் போகும்போது கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை அதிகமான நாட்களில் நான்கு நாளை மூன்றாக்கிவிடுவதே நல்லது.

வளையம் உப்பி ஸ்டோமாவைச் சுற்றிச் சட்டைக் காலர்போல் எழும்புகிறதே என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். அது இயல்பு. ஸ்டோமா குட்டையாக இருந்து அதன் வாயை உப்பல் மறைத்தால் மட்டும் மெல்லிய வளையத்துக்கு மாறுங்கள்.

சைவ உணவுக்காரர் ஒருவர் ஜெலட்டின் பற்றிக் கேட்டார். அது விலங்கிலிருந்து எடுக்கப்படுவதுதான். ஜெலட்டின் இல்லாத வளையங்களும் இருக்கின்றன, வாங்கும் முன் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெருங்குடலை வெளியே எடுத்து வைத்த, கெட்டியான மலம் வரும் கொலாஸ்டமிக்காரர்கள் பலருக்கு வளையமே தேவைப்படாது. தோல் நன்றாக இருந்தால் செலவைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிறுநீருக்கான யூரோஸ்டமியில் ஓயாத ஈரத்தால் வளையம் விரைவாகக் கரையும் என்பதால் முதல் சில முறை அடிக்கடி கழற்றிப் பார்த்து நாள் கணக்கை முடிவு செய்யுங்கள்.

அரிப்போடு சிறுசிறு சிவப்புப் புள்ளிகள் பரவினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். களிம்பு தடவினால் தட்டு ஒட்டாது, மருத்துவரிடம் பொடி மருந்தாகக் கேளுங்கள். ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும், இலியாஸ்டமியில் சில மணி நேரம் எதுவும் வராமல் வயிறு முறுக்கி வலித்தாலும், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனாலும் வளையத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கழற்றும் ஒவ்வொரு முறையும் நாட்காட்டித் தாளில் ஒரு வரி எழுதி வைக்கிறேன்: வைத்த நாள், கழற்றிய நாள், எந்த மணிப் பக்கம் எவ்வளவு கரைந்தது என்று. மடிப்பை நிரப்பத் தொடங்கிய பின் நான்காவது முறை எழுதிய வரி இது: "நான்கு நாள். சுற்றிலும் சீர். ஆறு மணியில் தடம் இல்லை. தோல் காய்ந்திருக்கிறது."