கபடிக் கழகத்தில் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எப்படி?

எங்கள் கபடிக் கழகத்தில் இப்போது 42 பிள்ளைகள் ஆடுகிறார்கள். அவர்களில் 17 பேர் பெண் பிள்ளைகள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கம் வென்று திரும்பிய பிறகு, "எங்கள் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்" என்று வருகிற பெற்றோர் அதிகமாகிவிட்டார்கள். 31 வருடங்கள் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கழகத்தில் பிள்ளைகளின் நலனுக்கு என்னைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க் கழகங்கள் கேட்பதால் நாங்கள் செய்வதை எழுதித் தருகிறேன்.

முதலில் நலப் பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். அவர் பயிற்சியாளராகவோ, பயிற்சியாளரின் மனைவி, மைத்துனர் என்று அவருடைய உறவினராகவோ இருக்கக் கூடாது. பயிற்சியாளரைப் பற்றியே புகார் சொல்ல வேண்டியிருந்தால் பிள்ளை யாரிடம் போகும்? ஊர்க் கழகங்களில் தலைவர், செயலாளர், பயிற்சியாளர் மூவரும் பங்காளிகளாக இருப்பது சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இங்கே நானும் கிராமச் செவிலியர் ஒருவரும் அந்தப் பொறுப்பில் இருக்கிறோம். எங்கள் இருவரின் கைப்பேசி எண்களையும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அடிபம்புக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம். தண்ணீர் குடிக்கப் போகிற பிள்ளையின் கண்ணில் தினமும் அது படும்.

பயிற்சியாளரைச் சேர்க்கும்போது பதக்கங்களைப் பார்த்து மயங்காதீர்கள். முன்பு அவர் எங்கே பயிற்சி கொடுத்தாரோ அந்த ஊருக்கு நேரில் போய், ஏன் விலகினார் என்று அங்குள்ள தாய்மார்களிடம் கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்காமல் ஒருவரைச் சேர்த்தோம். பெண் பிள்ளைகளிடம் தவறாக நடந்துகொண்டவர் என்பது தெரிந்தும், முந்தைய கழகத்தார் அவருக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதையோடு அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊரிலும் அதே வேலையைத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது. அவரைப் பிடித்துக் கொடுத்தோம். ஆனாலும் அந்தப் பொன்னாடையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கபடி உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம். கணுக்காலைப் பிடிக்காமல், தொடையை அணைக்காமல், இடுப்பைக் கட்டாமல் கற்றுத்தர முடியாது. தப்பெண்ணம் உள்ளவருக்கு இது நல்ல மறைவு. அதனால் பிடி முறைகளைப் பயிற்சியாளர் வாயால் சொல்ல வேண்டும், மூத்த ஆட்டக்காரர்கள் இருவர் செய்து காட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. பெண்களுக்குப் பெண்களே செய்து காட்டுவார்கள். பயிற்சியாளரே தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால், "இப்போது உன் முழங்காலைப் பிடித்துக் காட்டப்போகிறேன், சரியா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். தசைப்பிடிப்பு வந்தால் திடலின் நடுவிலேயே சக ஆட்டக்காரர் நீவிவிடுவார். அறைக்குள் எண்ணெய் தேய்ப்பது, தனியாக வீட்டுக்கு வரச் சொல்வது இரண்டுக்கும் இங்கே இடமில்லை. பயிற்சி நேரச் செய்தியெல்லாம் பெற்றோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில்தான் வரும். பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது.

எடை விஷயத்தில் நம் கழகங்கள் பலவும் கண்ணை மூடிக்கொள்கின்றன. 55 கிலோப் பிரிவில் ஆட ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்த பையன் ஒருவன், சித்திரை வெயிலில் உடம்பைச் சுற்றிப் பாலிதீன் கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டுத் திடலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்றான். அன்றைக்கே அவனை அந்தப் போட்டியிலிருந்து விலக்கினோம். கோப்பை போனதில் எங்களுக்கு வருத்தமில்லை. உடம்பில் நீர் வற்றினால் மயக்கத்தோடு போகாது, சிறுநீரகமும் கெடும், உயிரும் போகும். மாதம் ஒருமுறை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். எடைக்கு ஏற்ற பிரிவில் பிள்ளையை ஆட விடுங்கள்.

சாதியைச் சுட்டி ஒரு சொல் வந்தாலும் அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்திவிடுகிறோம். தண்ணீர்ப் பானையும் டம்ளரும் எல்லாருக்கும் பொது.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது மின்னொளிப் போட்டிகள்தான். ஆட்டம் இரவு 9 மணிக்குத் தொடங்கினால் இறுதிச் சுற்று முடிய விடியற்காலை ஆகிவிடும். பிள்ளைகள் டெம்போ வேனில் போகிறார்கள், பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கிறார்கள், தூக்கக் கலக்கத்தில் திரும்புகிறார்கள். எங்கள் ஏற்பாட்டைச் சொல்கிறேன். பெண் பிள்ளைகள் போனால் குறைந்தது இரண்டு பெண்களாவது கூடப் போக வேண்டும். அவர்களில் ஒருவர் ஆட்டக்காரி ஒருத்தியின் தாயாக இருக்க வேண்டும். போட்டி நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே மூன்று கேள்விகள் கேட்போம்: உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு உண்டா, படுக்கும் இடத்தில் வேறு யார் படுப்பார்கள்? சரியான பதில் வராவிட்டால் அணியை அனுப்புவதில்லை. பெரியவர்கள் குடித்துவிட்டு வேனில் ஏறக் கூடாது.

திரும்பும்போது வழியில் ஒவ்வொருவராக இறங்க இறங்க, கடைசியில் ஒரு பிள்ளையும் ஓட்டுநரும் மட்டும் மிஞ்சுவார்கள். அந்தக் கடைசிக் கால் மணி நேரம்தான் எனக்குப் பயம். இப்போது யாரையும் வழியில் இறக்குவதில்லை. எல்லாரும் திடலுக்கு வந்து இறங்குவார்கள். வீட்டார் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போவார்கள். கடைசிப் பிள்ளை போகிற வரை நாங்கள் இருவர் அங்கேயே இருப்போம்.

இந்த விதி வந்ததற்கு ஒரு பெண் காரணம். அவளைப் பற்றி அடையாளம் எதையும் சொல்ல மாட்டேன். ஒருநாள் பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகும், முழங்கால் உறையில் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "டீச்சர், நாளைக்கு நான் வேனில் முன்னால் உட்கார மாட்டேன்" என்றாள். "சரி, என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்" என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. நூல் முழுக்க உருவி வந்த பிறகு மற்றதைச் சொன்னாள்.

பிள்ளைகள் இப்படித்தான் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்டுவிடாதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. "நீ சொன்னது நல்லது, உன்மேல் தவறில்லை, உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதிவையுங்கள். மறுபடி மறுபடி சொல்லவைக்காதீர்கள். சம்பந்தப்பட்ட ஆளிடம் போய் விசாரிக்காதீர்கள், அவர் உஷாராகிவிடுவார்.

அன்று இரவே பெரிய மனிதர்கள் மூன்று பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். "பெண்ணின் பெயர் கெட்டுவிடும் டீச்சர், பேசி முடித்துவிடலாம்" என்றார்கள். பேசி முடிக்க நமக்கு உரிமை கிடையாது. 18 வயது நிரம்பாத ஆணோ பெண்ணோ, யார்மீது பாலியல் குற்றம் நடந்தாலும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் பாயும். அதன் 19-ம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழே உள்ளவரின் குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் கிடைக்கும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குப் போட முடியாது. இதைச் சொன்னதும் மூவரும் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் அவள் அம்மாவும் நானும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், கூடியவரை பெண் உதவி ஆய்வாளர் பதிவு செய்ய வேண்டும், சீருடையில் வரக் கூடாது, இரவில் எந்தப் பிள்ளையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால் தாய்க்கு நடுக்கம் குறையும். பெயர், பள்ளி, புகைப்படம் எதுவும் வெளியே போகக் கூடாது. கழக வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட வரக் கூடாது.

18 வயது தாண்டிய பெண்களுக்கு 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. விளையாட்டு அரங்கும் பயிற்சி இடமும் அதில் அடங்கும். சிறிய கழகமாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம்.

புகாருக்குப் பிறகு அந்தப் பிள்ளையை அணியிலிருந்து மெல்ல ஒதுக்கிவிடுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். "ஓய்வெடுக்கட்டும்" என்பார்கள், அவளுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். எங்கள் பெண் ஏழு வாரம் வரவில்லை. வாரம் ஒருமுறை அணித் தலைவி போய் அவளைப் பார்த்து, பயிற்சியில் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு வந்தாள். பனியன் பெட்டியில் அவளுடைய பனியன் மடித்தபடியே இருந்தது. ஆள் குறைந்த போட்டியில்கூட அதை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. எட்டாவது வாரம் வந்து, பெட்டியைத் திறந்து, அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.