தோட்டத்திலும் தொட்டியிலும் குட்டி டாஃபடில் வளர்க்கும் முறை

டாஃபடில் என்றதும் பூங்காக்களில் ஒன்றரை அடி உயரத்தில் அசையும் பெரிய மஞ்சள் பூக்களே பலருக்கு நினைவுக்கு வரும். பிரித்தானிய நகரங்களில் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சிறு தோட்டத்துக்கும் வாசற்படியோரத் தொட்டிக்கும் ஏற்றவை, ஏறத்தாழ ஒரு சாண் உயரமே வளரும் குட்டி வகைகள். மார்ச் மாதக் காற்றும் மழையும் பெரிய பூக்களின் தண்டை முறித்துப் போடும்போதும் இவை நிமிர்ந்து நிற்கும். பூ முடிந்த பிறகு வாடிச் சரியும் இலைகளும் சிறியவை என்பதால் பாத்தியின் அழகு அதிகம் கெடாது. வளர்ப்பதும் எளிதுதான். ஆயினும், முதல் வசந்தத்தில் பூத்துக் குலுங்கிய செடி அடுத்த ஆண்டு வெறும் இலையை மட்டுமே நீட்டுகிறது என்ற குறையைப் பரவலாகக் கேட்கிறோம். அதற்கான காரணத்தைப் பெரும்பாலும் பூ வாடியதற்குப் பிந்தைய ஆறு வாரங்களில்தான் தேட வேண்டும்.

முதன்முறையாக வளர்ப்பவர்கள் ‘டெட்டாடெட்’ வகையில் தொடங்குவது நல்லது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் அலெக் கிரே என்பவர் 1940களில் உருவாக்கிய இது, 15 முதல் 20 செ.மீ. உயரம் வளர்ந்து, ஒரே தண்டில் இரண்டு, சில வேளை மூன்று பூக்களைத் தரும். விதை கட்டாத வகை என்பதால் கிழங்கின் சத்து விதைக்குப் போவதும் இல்லை. சற்று மாறுபட்ட தோற்றம் வேண்டுமென்றால் ‘ஜெட்ஃபயர்’ நல்ல தேர்வு: மஞ்சள் இதழ்கள் பின்னோக்கி வளைந்திருக்க, ஆரஞ்சு நிற நடுக்குழல் முன்னால் நீண்டிருக்கும். நியூசிலாந்தில் தோன்றிய ‘ஹவேரா’, மற்றவை முடிந்த பிறகு ஏப்ரலில், எலுமிச்சை மஞ்சளில் கொத்துக் கொத்தாகத் தலைகவிழ்ந்து பூக்கும். இந்த மூன்றையும் சேர்த்து நட்டால் பூக்காலம் இரண்டு மாதம் நீளும். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் காட்டினமான ‘பல்போகோடியம்’ அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும் என்பது என் எண்ணம். இதழ்கள் வெறும் கீற்றுகளாகச் சுருங்கி, நடுக்குழல் மட்டும் பாவாடைபோல விரிந்திருக்கும். ஆனால் வசந்தத்தில் ஈரமும் கோடையில் வறட்சியும் கேட்கும் இனம் அது. பழகிய கைக்கு விட்டுவைக்கலாம்.

கிழங்குகள் ஆகஸ்ட் இறுதியில் கடைக்கு வந்துவிடும். சின்ன வெங்காயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, பழுப்புநிறச் சருகுத் தோல் போர்த்தியிருக்கும் இவற்றை வாங்கும்போது ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாகவும் கனமாகவும் இருப்பதே நல்ல கிழங்கு. அடித்தட்டு மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். டாஃபடில் இலையுதிர்காலத் தொடக்கத்திலேயே வேர்விடத் தொடங்குவதால், செப்டம்பரில் நட்டுவிடுவது சிறப்பு. அக்டோபர் முடிவதற்குள்ளாவது நட்டுவிட வேண்டும். டியூலிப்பைப் போல நவம்பர்வரை ஒத்திப்போடுவது இதற்குப் பொருந்தாது.

தோட்டத்தில் வெயில் விழும் இடத்தையோ, இலையுதிர்க்கும் மரத்தடியையோ தேர்ந்தெடுக்கலாம். மரம் தழைப்பதற்குள் இவை பூத்து முடித்துவிடும். குழியின் ஆழம் கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும்: 4 செ.மீ. கிழங்குக்கு 12 செ.மீ. குழி. ஆழம் குறைந்தால் கிழங்கு கோடை வெப்பத்தில் காய்ந்து, பல துண்டாகப் பிரிந்து, பூவை மறந்துவிடும். முனை மேல்நோக்கி இருக்குமாறு, 7 அல்லது 8 செ.மீ. இடைவெளியில், பத்துக்குக் குறையாமல் கூட்டமாக நடுங்கள். ஒற்றை வரிசையில் நட்ட குட்டிப் பூக்கள் எடுபடுவதில்லை. களிமண் நிலமாக இருந்தால் பொடிச்சல்லியும் மக்கிய இலையுரமும் கலந்து நீர் வடியச் செய்ய வேண்டும். புல்தரையிலும் நடலாம், ஆனால் இலைகள் மஞ்சளாகும்வரை அந்தப் பகுதியில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்பதை வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட பிறகு நடுவது நலம்.

இந்தச் சிறு பூக்களைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவருவது தொட்டிதான். 25 முதல் 30 செ.மீ. அகலமும் குறைந்தது 20 செ.மீ. ஆழமும் உள்ள, அடியில் துளைகள் கொண்ட தொட்டி போதும். மூன்று பங்கு தொட்டிக் கலவைக்கு ஒரு பங்கு பொடிச்சல்லி சேர்த்து, கிழங்குகளை ஒன்றையொன்று தொடாதபடி விரல் இடைவெளியில் நெருக்கமாக அடுக்கலாம். தோட்டத்தைவிட நெருக்கமாக நடுவதில் தவறில்லை, ஏனெனில் இவை ஓராண்டுதான் தொட்டியில் இருக்கப்போகின்றன. தொட்டியை இரண்டு மூன்று செங்கல் துண்டுகளின் மேல் வைத்தால் மழைநீர் தடையின்றி வடியும். குளிர்காலத்தில் தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்று நினைப்பது பெருந்தவறு: கூரைக்கு அடியில் மழை படாமல் நிற்கும் தொட்டி சனவரியிலும் காய்ந்துபோகும். காகிதம்போன்ற மெல்லிய உறைக்குள் மொட்டு விரியாமலேயே பழுப்பாகச் சுருங்கியிருந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் இந்த வறட்சிதான். டொராண்டோ போன்ற இடங்களில் வெளியே வைத்த தொட்டி முழுவதும் உறைந்துவிடும் என்பதால், வெப்பமூட்டாத கராஜுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கச் செய்வார்கள்.

பூக்க வேண்டுமென்றால் கிழங்குக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம்வரை 9 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த குளிர் தேவை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அது கிடைக்காது. அங்கே ஆசைப்படுபவர்கள் கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில், பழங்களிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு படாதபடி தனியே வைத்துப் பூக்கவைக்கலாம். மறு ஆண்டுப் பூவை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி, பூ வாடிய பிறகு செய்ய வேண்டியவை. வாடிய பூவை மட்டும், அதன் பின்னால் இருக்கும் சிறு முடிச்சோடு சேர்த்துக் கிள்ளிவிட்டு, பச்சைத் தண்டை அப்படியே விட்டுவிட வேண்டும்; தண்டும் இலையைப் போலவே உணவு தயாரிக்கும். அடுத்த ஆண்டின் பூ, கோடைத் தொடக்கத்தில் கிழங்குக்குள்ளேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. அதற்கான சத்தைச் சேர்ப்பது இந்த இலைகள்தான் என்பதால், குறைந்தது ஆறு வாரம் இவற்றை வெட்டக் கூடாது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று இலைகளை முடிச்சுப் போடுவதும், சடைபோலப் பின்னி ரப்பர் வளையம் மாட்டுவதும் வெயில் படும் பரப்பைக் குறைத்துக் கிழங்கைப் பட்டினி போடும் செயல்கள். தக்காளிச் செடிக்கு ஊற்றும், பொட்டாசியம் மிகுந்த திரவ உரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் வளர்க்கும். தொட்டியில் பூத்தவற்றைப் பச்சை இலையோடு, வேர்மண் உதிராமல் தோட்டத்துக்கு மாற்றிவிடலாம். பிப்ரவரியில் பேரங்காடியில் வாங்கிய, கண்ணாடிக் குடிலில் முன்கூட்டியே பூக்கவைத்த சிறு தொட்டிகளைப் பலர் குப்பையில் போடுகிறார்கள்; அவற்றையும் இப்படியே நட்டால் ஓராண்டு இளைப்பாறிவிட்டுப் பின்னர் பூக்கும்.

அணில்கள் டியூலிப்பைத் தோண்டித் தின்றாலும் டாஃபடிலைப் பெரும்பாலும் தொடுவதில்லை, அதிலுள்ள லைகோரின் என்ற நச்சுப்பொருளே காரணம். மனிதர்களுக்கும் அது வாந்தியையும் வயிற்றுவலியையும் தரும். 2009இல் இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளி ஒன்றில், வெங்காயத்தோடு டாஃபடில் கிழங்கு தவறுதலாகச் சூப்பில் சேர்ந்து குழந்தைகள் நோயுற்றார்கள். ஆகவே வாங்கிவந்த கிழங்குப் பையைச் சமையலறைப் பக்கமே வைக்கக் கூடாது. மற்றபடி கவனிக்க வேண்டிய எதிரி, சிறு வண்டுத்தேனீயைப்போலத் தோன்றும் டாஃபடில் ஈ. இலை காய்ந்து விலகும் இடத்தில் மண்ணில் ஏற்படும் துளைக்கு அருகே மே, ஜூன் மாதங்களில் அது முட்டையிடும். உள்ளே போகும் புழு கிழங்கின் நடுவைத் தின்றுவிடும். இலைகள் சாயும்போது சுற்றியுள்ள மண்ணைக் கிளறித் துளைகளை மூடி அழுத்திவிட்டால் பாதிப்பு பெரிதும் குறையும்.

மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இலைகள் அடர்ந்து பூக்கள் குறைந்தால், கிழங்குகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன என்று கொள்ளலாம். ஜூன் இறுதியில் இலைகள் மஞ்சளானதும் முழுக் கொத்தையும் கவைக்கோலால் கிளப்பி, தானாகப் பிரியும் கிழங்குகளைப் பிரித்து, காற்றோட்டமுள்ள நிழலில் வலைப்பையில் தொங்கவிட்டு, செப்டம்பரில் மீண்டும் நடுங்கள். பெரியவை மறு வசந்தத்திலேயே பூக்கும். விரல்நுனி அளவுள்ள குட்டிக் கிழங்குகள் பூக்கும் அளவுக்குத் தேற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், அவற்றைத் தோட்டத்தின் ஓரத்தில் தனிப் பாத்தியில் வைப்பது வசதி.