மோட்டார் மறைக்கும் பாரம்: வீட்டு ஷட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் 30க்கு 40 சைட்டில் வீடு கட்டுகிறவர்கள் பலர் கீழே கார் நிறுத்த இடம் விட்டு ஒரு ரோலிங் ஷட்டரும் போட்டுவிடுகிறார்கள். கையால் தூக்கும் ஷட்டர் கனத்துப்போனால் தோள்பட்டையே சொல்லிவிடும். மோட்டார் வந்தபின் அது தெரிவதில்லை. பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

ஷட்டரின் பாரத்தைத் தாங்குவது மேலே குழாயில் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங்தான். மோட்டார் சும்மா துணைக்கு. ஸ்பிரிங் தளர்ந்தால் மோட்டார் முனகிக்கொண்டே இழுக்கும், சூடேறி நடுவில் நிற்கும். உடனே "மோட்டார் போச்சு" என்று புதிது வாங்குவது பெரிய தவறு. புது மோட்டாரும் அதே பாரத்தைத்தான் இழுக்கப் போகிறது. முதலில் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, மோட்டார் பிடியை விடுவித்துக் கையால் பாதிவரை தூக்கிப் பாருங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே பாய்ந்தால் தளர்ந்துவிட்டது. கையை விடாமல் மெல்ல இறக்குங்கள். ஸ்பிரிங் இல்லாமல் பக்கவாட்டு மோட்டாரும் சங்கிலியுமாக ஓடும் பெரிய ஷட்டருக்கு இந்தச் சோதனை ஆகாது.

கோடை மழையில் கரண்ட் போனதும், பாதியில் நிற்கும் ஷட்டரின் பிடியை அவசரத்தில் விடுவிப்பவர்கள் உண்டு. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மொத்தமும் தலைமேல் இறங்கும். அடியில் யாரும் இல்லாமல், முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

யூடியூப் பார்த்து ஸ்பிரிங்கைக் கழற்றவே வேண்டாம். முறுக்கோடு நழுவினால் கையை உடைத்துவிடும். ஷட்டர்காரரைக் கூப்பிடுங்கள். ஸ்பிரிங்குகளில் ஒன்று உடைந்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். மற்றவையும் அதே வயதுதானே.

பக்கச் சேனலில் கிரீஸை அப்புவது இன்னொரு வழக்கம். நம்ம ஊர்த் தூசிக்கு அது நாலு நாளில் பசையாகி, பட்டைகள் கோணலாக ஏறும். பழையதைத் துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்ப்ரே மெலிதாக அடித்தால் போதும். மழைத்தண்ணீர் தேங்கும் அடிப்பட்டையில் துரு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாடியில் நின்றே ரிமோட்டை அழுத்துவது வசதிதான். கீழே பேரப்பிள்ளை பந்து பொறுக்கிக்கொண்டிருப்பது தெரியாது. அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டுத் தானியங்கி கராஜ் கதவு மோட்டாருக்கு, ஏதாவது தட்டுப்பட்டால் கதவு திரும்பி மேலேறும் ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். இங்கே விற்கும் எல்லா மோட்டாரிலும் அது இருக்கும் என்று நம்ப வேண்டாம். கேட்டு வாங்குங்கள். குறுக்கே ஏதாவது இருந்தால் உணரும் சென்சாரைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் பொருத்தச் சொல்லுங்கள். இடுப்புயரத்தில் வைத்தால் தவழும் குழந்தை அதற்குத் தெரியாது.

ஷட்டருக்குப் பதில் ஸ்லைடிங் கேட் வைத்திருப்பவர்கள் தண்டவாளத்தின் இரு முனையிலும் ஸ்டாப்பர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது இல்லாமல் வேகமாகத் தள்ளினால் கேட் தடம் தாண்டிச் சாயும். வெல்டிங் கடைக்காரருக்கு அது சின்ன வேலை.