எத்தனை பாகம்னு கேட்டுட்டு இறங்குங்க

வள்ளியூரில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. முப்பது வருஷமாக இந்த வட்டாரத்துக் கிணறுகளில் மோட்டார் இறக்கி ஏற்றுகிறேன். ஆனாலும் 44 வயது வரைக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும். கிணற்றுக்குள் ஆள் இறங்க வேண்டிய வேலை வந்தால் கடைப் பையனை இறக்கிவிட்டு நான் மேலே நின்று கயிறு பிடிப்பேன். கடல் மேல் மட்டும் ஆசை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தியதும் வண்டி தானாக உவரிக்குத் திரும்பும். கரையில் உட்கார்ந்து இருட்டும்வரை பார்த்துவிட்டு வருவேன்.

பயம் எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் சித்தப்பா முதுகில் கேன் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டார். எங்கள் பக்கம் நீச்சல் பழக்குவது அப்படித்தான். கட்டு அவிழ்ந்துவிட்டது. கண்ணைத் திறந்து கீழே பார்த்தேன்: பச்சை, அதற்குக் கீழே கறுப்பு, தரையைக் காணோம். சித்தப்பா குதித்துத் தூக்க அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்தக் கறுப்பு மட்டும் முப்பத்தைந்து வருஷம் கூடவே வந்தது.

இதே வியாதியோடு, முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக் கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபா முழுக்குக்கு ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தாமிரபரணியில் பாலத்திலிருந்து குதித்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதல் வேலை, ஆழத்தை அளப்பது. இதைச் சொல்லிக் கொடுத்தவர் உவரியில் வள்ளம் வைத்திருக்கும் ஒரு நண்பர், என்னிடம் ஜெனரேட்டர் பழுது பார்க்க வருகிறவர். "அண்ணாச்சி, மேல நின்னு பாத்தா கடல் முச்சூடும் ஒரே கறுப்புதான். ஈயக்குண்டைக் கயித்துல கட்டிக் கீழ விடும். எத்தனை பாகம்னு தெரிஞ்சிட்டா அது வெறும் தண்ணிதான்" என்றார். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. மறுநாளே மோட்டார் இறக்கும் நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் பழைய பேரிங் ஒன்றைக் கட்டிக்கொண்டு அந்தக் கிணற்றுக்கே போனேன். தண்ணீர் பதினோரு முடிச்சு. இரண்டு ஆள்கூட இல்லை. படிக்கல்லில் உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் அழுகையும் வந்தது. நீங்களும் எந்தத் தண்ணீருக்குப் பயப்படுகிறீர்களோ அதை அளந்து பாருங்கள். கூடவே ஒரு ஆள் இருக்கட்டும்.

அடுத்தது மிதக்கப் பழகுவது. இதற்கு ஆறு வேண்டாம். மணல் அள்ளிய குழி எங்கே கிடக்கிறது என்று ஆற்றின் மேலே தெரியாது. பாளையங்கோட்டைப் பக்கம் நீச்சல் குளத்துக்குப் போங்கள். கூச்சப்பட வேண்டாம், என்னோடு கற்றவன் இரண்டாம் வகுப்புப் பையன். ஸ்கூபா சான்றிதழ் படிப்பில் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிஷம் மிதக்கவும் சொல்வார்கள். ஒரு முறை சும்மா இறங்கிப் பார்க்கிற பழக்க முழுக்குக்குப் பல இடங்களில் நீச்சலே கேட்பதில்லை. இருந்தாலும் என்னைக் கேட்டால், மிதக்கத் தெரியாமல் போகாதீர்கள். மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பயம் போச்சு. கடலில் உப்பு இருப்பதால் உடம்பு குளத்தைவிட லேசாக மிதக்கும்.

மூன்றாவது பயிற்சி வீட்டு முற்றத்தில். சுவாசக்குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வாயில் கவ்வி மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடும் வளைந்த குழாய். கண்ணையும் மூக்கையும் மூடும் முழுக்குக் கண்ணாடி போடாமல், அண்டாவில் தண்ணீர் நிரப்பி முகத்தை அமிழ்த்தி, வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். மூக்கு தண்ணீருக்குள் திறந்தே இருக்கும். முதல் நாள் நான்கு மூச்சுக்கு மேல் என்னால் முடியவில்லை. மூக்கு தானாக இழுத்துவிட்டது, புரையேறிக் கண்ணெல்லாம் தண்ணீர். என் மனைவி வாசலில் நின்று, "என்ன, மாடு தண்ணி குடிக்க மாதிரி நிக்கிய?" என்றாள். பத்தாவது நாள் ஐந்து நிமிஷம் நின்றேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடலுக்கடியில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதறுவது மூக்குதான். அங்கே செய்ய வேண்டியது சின்ன வேலை: கண்ணாடியின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, லேசாக அண்ணாந்து, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியே வெளியேறிவிடும். மூக்கையும் வாயையும் பிரித்துப் பழகியவனுக்குத்தான் அது சின்ன வேலை.

இனி சாமான்கள். என் தொழில் புத்திக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி. சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை, நாம் விடுகிற இதே காற்றை வடிகட்டி 200 பார் அளவுக்கு அமுக்கி அடைத்தது (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்). 12 லிட்டர் சிலிண்டரில் ஏறக்குறைய 2,400 லிட்டர் காற்று. சமையல் கேஸுக்கு ரெகுலேட்டர் மாதிரி இதற்கும் உண்டு, ஆனால் இரண்டு படியாக. சிலிண்டர் தலையில் இருப்பது அழுத்தத்தைப் பத்து பார் அளவுக்குக் குறைக்கும். வாயில் கவ்வுவது, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சரியாகக் கொண்டுவரும். நீங்கள் இழுத்தால்தான் உள்ளே டயாப்ரம் என்கிற மெல்லிய சவ்வு அசைந்து காற்று வரும்.

இறங்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். காற்றை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடையோ புகை வாடையோ இருந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம். அப்புறம் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நான்கு மூச்சு இழுங்கள். முள் ஆடாமல் நின்றால் சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் முள் கீழே போய்த் திரும்பினால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

முழுக்குக்குக் கூட்டிப்போகும் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது காசு ஒன்றையே பார்க்காதீர்கள். என் முதல் முழுக்கில் அதைத்தான் செய்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். கூட்டிப்போனவர் அவசரக்காரர், என் முதுகுச் சட்டையைப் பிடித்து விறுவிறுவென்று கீழே இழுத்துவிட்டார். மூன்று மீட்டரில் காதுக்குள் தமரூசி இறக்கிய மாதிரி வலி. கையை ஆட்டினேன், அவர் பார்க்கவில்லை. ஒரு வாரம் வலது காது அடைத்தே கிடந்தது. செவிப்பறையும் ஒரு டயாப்ரம்தான். ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் ஏறினால் உள்ளே குழியும், மீறினால் கிழியும். அதனால் பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் பழக்குவீர்களா? கயிறு பிடித்து இறங்க விடுவீர்களா? உடல்நலப் படிவம் தராத இடத்திலிருந்து அப்படியே திரும்பிவிடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. சளி பிடித்திருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது நம் பக்கக் கடலைக் கரையில் நின்று பார்த்தாலே போதும்.

இரண்டாவது முறை புதுச்சேரி போனேன். நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கக் கேட்டேன், சரி என்றார்கள். எனக்கு வேலை செய்த முறை இது. நீலத்தைப் பார்க்காதீர்கள், கயிற்றைப் பாருங்கள். ஒரு கை கயிற்றில், மறு கை மூக்கில். ஒரு முழம் இறங்கினால் நின்று, மூக்கைப் பொத்தி, வாயில் கவ்வியதை விடாமல், மூக்குக்குள் மெதுவாக ஊதுங்கள். காதில் 'டப்' என்று திறக்கும். வலி வந்தபிறகு ஊதுவது தாமதம். வரும் முன்பே ஊத வேண்டும். திறக்காவிட்டால் அழுத்தி ஊதாதீர்கள், ஒரு முழம் மேலேறி மறுபடி. அப்புறம் மணிக்கட்டில் இருக்கும் கருவியில் எண்ணைப் படியுங்கள். இரண்டு மீட்டர். மூன்று. நான்கு. எங்கள் கிணறு அங்கே மூன்றரையிலேயே முடிந்துபோயிருந்தது.

கிலி பிடித்தால் நில்லுங்கள், கயிற்றை இறுக்கிக்கொள்ளுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பயந்தவன் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பான், அதனால்தான் அவனுக்கு மூச்சு முட்டுகிறது. காற்றும் சீக்கிரம் தீரும். பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால் மேலே ஒரு மணி நேரம் வருகிற காற்று அங்கே அரை மணிதான் வரும்.

மூச்சை அடக்குவது மட்டும் கூடவே கூடாது. கிணற்றில் முக்குளித்த பழக்கத்தில் கை தானாக மூக்குக்குப் போகும், வாய் தானாக மூடும். பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காகப் பெருகும். அடக்கினால் நுரையீரல் கிழியும். முத்துக்குளிப்பவர் மேலே இழுத்த மூச்சோடு இறங்கினார், அவருக்கு அது சரி. நமக்கு அது பொருந்தாது. அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது: கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைத்தார்கள் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். தங்கச்சி தாலிக்கு அவன்தானே பொறுப்பு. இங்கே கூட இறங்கும் கூட்டாளிதான் மச்சான். கை எட்டுகிற தூரத்துக்கு அப்பால் அவரை விடாதீர்கள்.

கீழே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முதலில் சத்தம். கடலுக்கடியில் ஒரு பாறைத் திட்டை நெருங்கும்போது கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று கேட்டது. சின்ன இறால் ஒன்று கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது என்று பிறகு சொன்னார்கள். பாறை இடுக்கில் ஒரு களவா மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்த முதலாளி மாதிரி என்னைப் பார்த்தது. மேலே நிமிர்ந்தால் சாளை மீன் கூட்டம் வெயிலை மறைத்துக்கொண்டு போகிறது. சந்தோஷத்தில் பயிற்சியாளரிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டேன். நமக்கு அது சூப்பர். தண்ணீருக்குள் அதற்கு 'மேலே போகணும்' என்று அர்த்தம். மனுஷன் உடனே என்னைக் கிளப்பிவிட்டார். விளக்கிச் சொல்ல வாயும் இல்லை. நன்றாக இருக்கிறது என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போட வேண்டும்.

ஏறுவது, எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், பைய பைய. நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேண்டாம். உங்கள் சின்னக் குமிழிகளை நீங்கள் முந்தக் கூடாது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டு அப்புறம் மேலே. உடம்பில் கரைந்த நைட்ரஜன் நிதானமாக வெளியேறத்தான் அந்த நிறுத்தம். அழுத்தம் சட்டென்று இறங்கினால் கரைந்த வாயு குமிழியாகிவிடும், சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் பொங்குகிற மாதிரி. அன்றைக்கே விமானம் ஏறாதீர்கள், 18 மணி நேரமாவது போகட்டும். மாஞ்சோலை மாதிரி மலைக்கு ஏறுவதையும் மறுநாளுக்குத் தள்ளுங்கள். பழக்க முழுக்கில் 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். முதல் சான்றிதழ் முடித்தவர்களுக்கு 18 மீட்டர்.

ஒவ்வொரு முழுக்கையும் நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, ஆழம், எத்தனை நிமிஷம், ஏறும்போது மிச்சக் காற்று. என் நோட்டில் இப்போது ஒன்பது வரி இருக்கிறது. 12 மீட்டர் தொட்டுவிட்டு வந்த வாரம் உவரி நண்பர் ஜெனரேட்டரோடு கடைக்கு வந்தார். நோட்டைக் காட்டினேன். "மீட்டர் கிடக்கட்டும் அண்ணாச்சி, எத்தனை பாகம்?" என்றார். ஆறரை என்றேன். "ஆறரையா? நாங்க நங்கூரம் போடவே அதுக்கு மேல கயிறு விடணும்" என்று சொல்லிவிட்டு, கார்புரேட்டரில் உப்பு ஏறியிருக்கிறது, பாரும் என்றார்.