பழைய ஸ்பிட்ஃபயருக்குப் பெட்ரோல் டியூப் மாற்றும் முறை

புனலூர் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் செங்கோட்டையில் என் பட்டறைக்கு வரும். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கி நிற்கும்; பத்து நிமிஷம் கழித்துத் தானே கிளம்பும். வேறிடத்தில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழுவி, பம்பையும் புதிதாகப் போட்டிருந்தார்கள். கோளாறு அப்படியே இருந்தது. காரணம் பெட்ரோல் டியூப்.

டேங்கில் இருந்து பம்ப் வரை உள்ள டியூப் உறிஞ்சும் பக்கம். அங்கே வெடிப்பு விட்டால் பல நேரம் சொட்டாது, காற்றைத்தான் இழுக்கும். சமதளத்தில் தெரியாது. ஏற்றத்தில் இன்ஜின் நிறையக் கேட்கும்போது பெட்ரோல் பத்தாமல் போகும். பம்பில் இருந்து கார்புரேட்டர் வரை அழுத்தப் பக்கம். அங்கே வெடித்தால் வெளியே கசியும். ஸ்பிட்ஃபயரில் கார்புரேட்டர் இரண்டும் இன்ஜின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்ட் இருக்கும் அதே பக்கம், அதற்கு மேலேயே இருக்கின்றன. கசிகிற சொட்டு விழுவது சூடான இரும்பின் மேல்.

"ஆசானே, ஒரு டியூப்தானே, அதை மட்டும் மாத்தினா போதாதா?" என்றார் வண்டிக்காரர். "சேட்டா, இதைப் பாருங்க" என்று கழற்றிய டியூபை நீளவாக்கில் பிளேடால் கீறி விரித்துக் காட்டினேன். வெளியே கறுப்பாக நன்றாகத்தான் இருந்தது. உள்சுவர் ஊறி, விரலை வைத்தால் மை மாதிரி ஒட்டியது. மடக்கினால் பாளம் பாளமாக வெடித்தது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அறுபதுகளின் ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. ஒன்று போனால் மற்றதும் அதே வயசு. எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வேலை தொடங்கும் முன் இன்ஜின் முழுக்க ஆறட்டும். பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பட்டறைக் குழியில் இறங்கி இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். அது குழிக்குள் இறங்கித் தங்கிவிடும், தீப்பிடிக்க ஒரு பல்பு உடைந்தாலும் போதும். நான் வண்டியை வெட்டவெளியில் ஸ்டாண்டில் ஏற்றித்தான் செய்கிறேன். டேங்கில் இருப்பதை இரும்பு கேனில் வடித்துவிடுங்கள், பிளாஸ்டிக் வாளியில் வேண்டாம். வாயால் உறிஞ்சவும் வேண்டாம்.

ஸ்பிட்ஃபயர் 1962-இல் ட்ரையம்ப் ஹெரால்ட் காரின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுருக்கிச் செய்த வண்டி. சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் கை பழகினவர்களுக்கு அடிப்பக்கம் அந்நியமாக இருக்காது. சேசிஸை ஒட்டி ஓடும் இரும்புக் குழாயை முழு நீளமும் பாருங்கள். இங்கே சீசன் சாரலில் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் ஈரம் நின்று, அதன் அடியில்தான் துரு தின்னும். கிளாம்பைக் கழற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினால் தெரிந்துவிடும். குழி விழுந்திருந்தால் குழாயையும் மாற்றுங்கள். செம்பு-நிக்கல் குழாய் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். ஆக்ஸா பிளேடால் அறுக்காமல் டியூப் கட்டரால் வெட்டுங்கள். அறுத்த தூள் நேராகக் கார்புரேட்டர் ஊசியில் போய் உட்காரும். ரப்பர் ஏறும் முனையில் சின்ன விளிம்பு எழுப்பினால்தான் டியூப் நழுவாது.

ரப்பர் வாங்கும்போது மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று பெட்ரோல் டியூபுக்கான தரக்குறி அச்சடித்திருக்கிறதா பாருங்கள். எழுத்தே இல்லாத டியூபும், பைக்குக்கு விற்கும் கண்ணாடி மாதிரி டியூபும் வேண்டாம். அளவைக் காலிப்பரில் எடுங்கள். கால் இன்ச் குழாய் 6.35 மி.மீ., 5/16 இன்ச் 7.94. இரண்டாவதற்கு 8 மி.மீ. டியூப் சரி. முதலாவதற்கு அதையே போட்டு கிளிப்பால் இறுக்கிச் சமாளிப்பது ஆபத்து. கிளிப்பிலும் பட்டை வழவழப்பாக உள்ளதை வாங்குங்கள். பட்டையில் பள்ளம் வெட்டிய சாதா கிளிப் ரப்பரை அறுத்துவிடும்.

டேங்கின் வாயில் உள்ள குட்டை ரப்பரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டேங்க் சீட்டுக்குப் பின்னால் என்பதால் அது வெடித்தால் வாடை உள்ளே வரும். அதையும் மாற்றுங்கள். பம்பில் இருந்து இன்ஜின் முன்பக்கமாகச் சுற்றிப் போகும் குழாய் ஃபேன் பெல்ட்டில் உரசாமல் கிளாம்ப் போடுங்கள். அப்புறம் ஃபில்டர்: பம்புக்கு முன்னால், சூட்டில் இருந்து தள்ளி.

மாட்டியதும் உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றி, பம்பின் அடியில் உள்ள கை லீவரை மெதுவாக அடியுங்கள். முதலில் லேசாகப் போகும். கார்புரேட்டர் நிறைந்ததும் கையில் கனம் தட்டும். அப்போது ஒவ்வொரு இணைப்பையும் செய்தித்தாள் துண்டால் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் ஈரமாக விழும். காய்ந்திருந்தால் பேட்டரியை மாட்டி, பத்து நிமிஷம் ஓடவிட்டு மறுபடி துடைத்துப் பாருங்கள்.

அந்த வண்டியை அன்று சாயங்காலம் நானே ஆரியங்காவு வரை ஓட்டிப்போனேன். எஸ் வளைவில் இரண்டாம் கியரில் ஒரே மூச்சாக ஏறியது. மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எல்லாக் கிளிப்பையும் மறுபடி தொட்டுப் பார்த்தேன். டேங்க் வாயில் ஒன்று மட்டும் கால் சுற்று இறுகியது.